யாழ் நகரில் ஒரு வேலைவாய்ப்பு நிலையம்: எடுத்துத் தருவார்கள், எழுதித் தரமாட்டார்கள்

நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இந்த முறையில் நடக்கும் நிலையம் இது ஒன்று மட்டுமல்ல.

வேலை தேடித் தருவதில் குறை சொல்ல முடியாது. உயர்தரம் வர்த்தகப் பிரிவும் கொஞ்சம் எக்செலும் இருந்தால் கிழமைக்குள் நேர்முகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதிவுக் கட்டணம் சிறிது. பெரிய காசு கொமிஷன்: முதல் மாதச் சம்பளத்தில் பாதி. சிக்கலும் அங்கேதான். வேலையில் சேர்ந்த அன்றே கொமிஷன் உறுதியாகிவிடுவதால், பிறகு அங்கே என்ன செய்ய வைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

விளம்பரத்தில் 'கணக்கு உதவியாளர்'. கடையிலோ பில் போடுவது, களஞ்சியத்தில் இருப்பு எண்ணுவது, லொறி வந்தால் சாமான் இறக்கும் இடத்தில் நிற்பது. முதலாளி இதற்குக் காட்டுவது நியமனக் கடிதத்தின் ஒரேயொரு வரியை: 'நிர்வாகம் பணிக்கும் ஏனைய கடமைகளும்'. கையெழுத்திட முன் அந்த வரியோடு 'பதவிக்குத் தொடர்புடைய' என்ற சொற்களைச் சேர்க்கக் கேளுங்கள். பெரும்பாலான முதலாளிமார் மறுப்பதில்லை, அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான். கடமைகளை நாலு வரியில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பி 'சரிதானே' என்று கேட்டு, பதிலை வைத்திருங்கள். விளம்பரத்தையும் படம் பிடித்து வையுங்கள்.

கடிதம் கேட்பது சலுகை கேட்பதல்ல. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி பதவி, சம்பளம், வேலைநேரம் எல்லாம் எழுத்தில் தரவேண்டும். தகுதிகாண் காலம் முடியட்டும் என்பது சாட்டு.

சம்பளத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிலையம் சொன்னது 45,000 ரூபாய். கடிதத்தில் அடிப்படை 32,000, மிச்சம் மேலதிக நேரக் கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) மேலதிக நேரம் கணக்கில் வராது. ஆகவே முதலாளி அந்த நிதிக்குக் கட்டும் 12 வீதம் 5,400 அல்ல, 3,840. காலை 9 முதல் மாலை 6 வரை, ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையுடன் ஆறு நாள் என்றால் கிழமைக்கு 48 மணித்தியாலம். சட்டம் சொல்வது 45. மிச்ச மூன்றுக்கும் ஒன்றரை மடங்கு வரவேண்டும். சம்பளத் தாளில் அது தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சம்பளம், நேரம், சேமலாப நிதி என்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். 'கணக்கென்று கூப்பிட்டு களஞ்சியத்தில் விட்டார்கள்' என்ற முறைப்பாட்டுக்கு, கடிதத்தில் கடமை எழுதியிருந்தால்தான் பிடிமானம். கோபத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டால் அதுவும் போய்விடும்.

இந்த நிலையத்துக்கு ஐந்தில் இரண்டரை. பதிய முன், நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே கொமிஷன் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறினால் வேறிடம் பார்க்கலாம்.