நீலகிரி வீட்டுக்கு ஸ்கிராபிள் வாங்கலாமா?

வாங்கலாம். எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி, ஆங்கிலச் சொல் அமைத்துப் புள்ளி எடுக்கும் ஆட்டம் இது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆங்கிலச் சொல்வளத்துக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் இதற்குச் செலவழிக்கலாம். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூனில் பிடிக்கும் மழையும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையும் பிள்ளைகளை நாள் கணக்கில் வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும். அந்த நேரத்துக்கு ஏற்ற விளையாட்டு இது. ஆனால் அதே ஈரம்தான் பெட்டியையும் கெடுக்கும். எனவே எந்தப் பெட்டியை வாங்குவது என்பதில் கவனம் வேண்டும்.

கடையிலேயே காய்களை எண்ணிவிடுங்கள். மொத்தம் 100. அதில் 2 வெற்றுக் காய்கள். உயிரெழுத்துகள் 42: ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, யூ 4. எஸ் நான்குதான். கே, ஜே, எக்ஸ், க்யூ, இஸட் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. மலிவான போலிகளில் இந்தக் கணக்கு தவறியிருக்கலாம். உயிரெழுத்து குறைந்தால் நடு ஆட்டத்தில் யார் கையிலும் சொல் அமையாமல் ஆட்டம் நின்றுபோகும். க்யூவுக்கும் இஸட்டுக்கும் 10, ஜேவுக்கும் எக்ஸுக்கும் 8, கேவுக்கு 5 என்று மதிப்பு அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அட்டைப் பலகையா, கட்டங்களின் ஓரம் மேடாக எழும்பிய பலகையா என்றால், மலையில் இரண்டாவதே மேல். மடிக்கும் அட்டையின் இரண்டு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. அதனால் அது வளைகிறது, நடுவில் மேடு தட்டுகிறது, காய்கள் சறுக்குகின்றன. மேட்டுக் கட்டம் இருந்தால் மேசை ஆடினாலும் காய் நகராது. அட்டைதான் கிடைத்தது என்றால் நிறுத்தி வைக்காமல் படுக்கப் போட்டு, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். மருந்துப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்து உலர்த்த வேண்டாம். வேகமாக உலரும் அட்டை மறுபக்கம் வளைந்து, மடிப்பில் பிளக்கும். காய்களைப் போட்டு வைக்கும் துணிப்பையை வெயில் வரும்போதெல்லாம் உதறிக் காய வையுங்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது அதில்தான்.

குறை என்று சொல்ல வேண்டியது ஒன்று. பெட்டியோடு வருவது விதித்தாள். எந்தச் சொல் செல்லும் என்ற பட்டியல் தனியாக வேண்டும். இந்தியப் போட்டிகளில் காலின்ஸ் பதிப்பகத்தின் சொற்பட்டியலைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கும் அதுவே போதும். அகராதியை அகர வரிசையில் படிக்காமல், எழுத்துக் கூட்டம் கூட்டமாகப் படிப்பதில்தான் பயன்.

எக்ஸில் தொடங்குங்கள். அதோடு சேரும் ஈரெழுத்துச் சொற்கள் ஐந்துதான். ஏ, ஈ, ஓ மூன்றும் எக்ஸுக்கு முன்னால் நிற்கும்: ஆக்ஸ் கோடரி, எக்ஸ் பிரிந்துபோன துணை, தமிழில் ஆக்ஸ் என்றே எழுதும் இன்னொன்று எருது. ஐயும் யூவும் பின்னால் வரும்: ஒன்று கிரேக்க எழுத்து, மற்றது வியட்நாமின் பழைய சில்லறைக் காசு. ஆக, எக்ஸ் கையில் இருந்தால் எந்த உயிரெழுத்து வந்தாலும் ஒரு சொல் உண்டு.

அடுத்தது க்யூ. யூ கிடைக்கவில்லையே என்று க்யூவைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருப்பதுதான் புதியவர்கள் தோற்கும் இடம். க்யூவும் ஐயும் சேர்ந்தாலே சொல்தான். 'ச்சீ' என்று ஒலிக்கும் இது, சீன மரபில் உடலில் ஓடும் உயிராற்றலைக் குறிக்கும். எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் இந்தச் சொல்லே அமைந்தால் 31, 31 என்று 62 புள்ளி. க்யூ, ஏ, டி சேர்ந்தது ஏமனில் மெல்லும் இலை. நிகாப், தலாக், ஃபக்கீர், வக்ஃப் ஆகியவற்றை நம் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். நான்கிலும் க்யூ உண்டு, யூ கிடையாது. அரபியின் 'காஃப்' எழுத்துக்கு ஆங்கிலத்தில் க்யூவைப் போடுவதுதான் காரணம். வக்ஃபுக்கு மட்டும் 19 புள்ளி.

கை முழுக்க மெய்யெழுத்தாக வந்தால் ஒய் காப்பாற்றும்: மித், கிரிப்ட், நிம்ஃப், லிங்ஸ், ரிதம். புராணக்கதை, நிலவறை, வனதேவதை, காட்டுப்பூனை இனம், தாளம் என்று பொருளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஊட்டி, கொடை என்று ஊர்ப்பெயர் வைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். இடப்பெயரும் ஆள்பெயரும் செல்லாது. மலையின் விலங்குகள் செல்லும். டார் நம் வரையாடு, நடுவில் ஒலிக்காத எச் உண்டு, 7 புள்ளி. முதல் ஆட்டமாக நடு நட்சத்திரத்தில் வைத்தால் இரட்டித்து 14. கவுர் காட்டெருமை, டோல் செந்நாய், லங்கூர் மந்தி. சாம்பார் கடமானுக்கும் குழம்புக்கும் ஒரே எழுத்தில் செல்லும். முக்குறுத்தியையும் முதுமலையையும் அறிந்த குழந்தைக்கு இவை ஒரே மாலையில் மனதில் நிற்கும். இவற்றை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

விதிப்படி பொருள் தெரியாமலே சொல்லை வைக்கலாம். படிப்புக்காக வாங்குபவர்கள் இதை மாற்றிக்கொள்வது நல்லது: வைத்த சொல்லுக்குப் பொருள் சொன்னால் கூடுதலாக 5. புள்ளி போடும்போது எழுத்தின் மடங்கை முதலில் கணக்கிட்டு, பிறகு சொல்லின் மடங்கைப் பெருக்க வேண்டும். ஏழு காய்களையும் ஒரே முறையில் இறக்கினால் தனியாக 50. இந்த 50 எந்த மடங்கிலும் சேராது. கடைசியில் கூட்ட வேண்டும். எழுத்து செதுக்கிய காய் என்றால் விரலாலேயே தடவி எடுத்துவிடலாம். அதனால் பையைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடிப்பதோடு, ஒரு காயைத் தொட்டால் அதையே எடுக்க வேண்டும் என்றும் வீட்டில் விதி வையுங்கள்.