நாலு கேள்வி, ஒரு இஞ்ச் டேப்: சென்னையில் பிறந்த சுகர் ஸ்கோர் யாருக்குப் பொருந்துகிறது?

ரத்தம் எடுக்காமலே சர்க்கரை நோய் அபாயத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கருவிகளில் நம் ஊரில் அதிகம் புழங்குவது ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’. முகாம்களில் சுருக்கமாக ஐ.டி.ஆர்.எஸ். என்பார்கள். மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் உருவாக்கி 2005-ல் வெளியிட்டது. காசு கிடையாது, ஆப் இறக்க வேண்டாம். வயது, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்குச் சுகர் உண்டா என்ற நாலு விவரமும் இருந்தால் 100-க்கு ஒரு மார்க் கிடைக்கும். 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம், 30 முதல் 50 வரை நடுத்தரம், 30-க்குக் கீழே குறைவு. இங்கே மார்க் குறைந்தவர்தான் பாஸ்.

மார்க் போடும் விதம்: வயது 35-க்குள் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50 ஆகிவிட்டால் 30. இடுப்பு பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள், ஆணுக்கு 90 செ.மீ.க்குள் இருந்தால் 0. பெண்ணுக்கு 80–89, ஆணுக்கு 90–99 என்றால் 10. அதையும் தாண்டினால் 20. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உழைப்புக்கு 0 முதல் 30 வரை. அந்த உழைப்புக் கேள்வியில்தான் வில்லங்கம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் எவ்வளவு நம்பலாம் என்பது. சென்னை மாநகராட்சிப் பகுதியில் 26,001 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் தரவிலிருந்து எடுத்த கணக்கு இது. 60 மார்க்கைக் கோடாக வைத்தால், சுகர் இருந்தும் தெரியாமல் நடமாடும் 100 பேரில் சுமார் 72 பேரைப் பிடித்துவிடுகிறது. கூடவே சுகர் இல்லாத 100 பேரில் 40 பேரையும் வலையில் இழுத்துப் போடுகிறது. 60-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களில் நிஜமாகவே சுகர் இருந்தவர்கள் 17 சதவீதம்தான். ஆகவே 70 மார்க் வந்துவிட்டதென்று இனிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதில்லை; ரத்தம் கொடுக்கும் வரிசையில் முன்னால் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலைக்கு, செலவே இல்லாத இந்தக் கருவி தாராளமாகப் போதும்.

ஆனால் பிறந்த ஊர் சென்னை என்பது ஞாபகம் இருக்கட்டும். இந்த ஸ்கோர் ஊர் எது என்று கேட்பதில்லை. ஆணா பெண்ணா என்பதும் இடுப்பளவில் மட்டும்தான் கணக்கில் வருகிறது. நாட்டின் நிலவரத்தைப் பார்த்தால் இரண்டுமே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்தான். 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ கணக்கெடுப்பில், 20 வயது கடந்தவர்களில் நகரத்தில் 16.4 சதவீதம் பேருக்கும் கிராமத்தில் 8.9 சதவீதம் பேருக்கும் சுகர். ஆண்களிடம் பெண்களைவிடச் சற்றுக் கூடுதல். கிராமத்தில் பாதிதானே என்று நிம்மதி அடைகிறவர்கள் அதே கணக்கெடுப்பின் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும்: சுகருக்கு முந்தைய நிலை நகரம், கிராமம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 15 சதவீதம். வரிசையில் நிற்கும் கூட்டம் இரண்டு இடத்திலும் ஒரே நீளம்.

இடுப்பளவுக்கு வருவோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் 10 செ.மீ. வித்தியாசம் வைத்தது சரியான முடிவு. ஆனால் முகாம்களில் அதிகம் சொதப்புவது இங்கேதான். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் டேப் சுற்ற வேண்டும். கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடித்த நொடியில் அளவு எடுக்க வேண்டும். டேப் தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல் படிந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் புடவை கட்டிய பெண்ணுக்குக் கொசுவம் செருகிய இடத்துக்கு மேலேயே டேப்பைச் சுற்றிவிடுகிறார்கள். ஐந்தாறு மடிப்புப் புடவை, உள்ளே பாவாடை நாடா முடிச்சு, எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று செ.மீ.யைச் சுலபமாகக் கூட்டிவிடும். 78 இருப்பவர் 81 ஆனால் 10 மார்க் ஏறிவிடும். இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு: கூச்சத்தில் வயிற்றை எக்கிக்கொள்வது. மறைவான இடமும் அளவெடுக்க ஒரு பெண் பணியாளரும் இல்லாத முகாமில் பெண்களின் இடுப்பளவை நம்பவே வேண்டாம். வீட்டில் அளந்தால் முந்தானையை விலக்கி, பாவாடை நாடாவைச் சற்று கீழே இறக்கிவிட்டு, தோல் மேலேயே இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள்.

ஆண்களின் தப்பு வேறு மாதிரி. ‘பேன்ட் சைஸ் 34தான்’ என்று வாயாலேயே சொல்லிவிடுவார்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டும் பேன்ட்டின் சைஸுக்கும் இடுப்பளவுக்கும் சம்பந்தமில்லை. ஆணுக்கான கோடு 90 செ.மீ., அதாவது முப்பத்தைந்தரை இஞ்சுக்குச் சற்றுக் குறைவு. 34 சைஸ் பேன்ட் போடுகிறவரின் தொப்பை அதைத் தாண்டியிருப்பது சர்வ சாதாரணம். வருடக்கணக்காகப் புழங்கிய தையல் டேப் இழுபட்டு நீண்டிருக்கும், அப்போது அளவு குறைத்துக் காட்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது உழைப்பு. இந்தக் கேள்விக்கு இரண்டு வடிவங்கள் சுற்றிவருகின்றன. ஒன்றில் தினசரி உடற்பயிற்சியும் கடின வேலையும் சேர்ந்து இருந்தால்தான் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லையென்றால் 30. இன்னொன்றில் நாலு படி: கடுமையான பயிற்சியோ கடின உழைப்போ எது இருந்தாலும் 0, மிதமானது 10, லேசானது 20, எதுவும் இல்லாதது 30. பயிற்சி எதுவும் செய்யாத நகரத்து ஆபீஸ்காரருக்கு இரண்டிலும் 30தான், பெரிய சிக்கல் இல்லை. இடிப்பது கிராமத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 42 வயதுப் பெண். நடவு, களையெடுப்பு என்று வயல் வேலை. தனியாக வாக்கிங் எதுவும் இல்லை. இடுப்பு 86 செ.மீ. அம்மாவுக்குச் சுகர். வயதுக்கு 20, இடுப்புக்கு 10, அம்மாவுக்கு 10, ஆக 40. முதல் வடிவத்தில் வயல் வேலை மட்டும் என்பதால் 20 சேர்ந்து 60, அதிக அபாயம். இரண்டாவது வடிவத்தில் உழைப்புக்கு 0, மொத்தம் 40, நடுத்தரம். ஆள் அவரேதான், காகிதம் மாறியதும் முடிவு மாறிவிட்டது. இதே வயது, இதே 86 செ.மீ., இதே குடும்பம் உள்ள ஆணுக்கு இடுப்புக்கு மார்க் கிடையாது என்பதால் 50-ம் 30-ம் வரும். அந்தப் பெண்ணே வயலை விட்டு அருகில் திறந்த கம்பெனியில் உட்கார்ந்த வேலைக்குப் போனால் 70. எங்கே எடுத்தாலும் எந்த வடிவம் என்பதைக் காகிதத்தில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் வேறு வடிவத்தில் எடுத்து ‘மார்க் குறைஞ்சிருக்கு’ என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

நம் பரிந்துரை நாலு படி வடிவம்தான், ஆனால் கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். ‘விவசாய வேலையா?’ என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வந்த பிறகு வருடத்தில் குனிந்து நிமிரும் நாட்கள் எத்தனை என்பதே இன்றைக்குக் கேள்வி. ‘போன மாதம் வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?’ என்று கேளுங்கள். வீட்டு வேலைக்கு எல்லாப் பெண்களுக்கும் ‘மிதம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு 10 போடுவதும் தப்பு. கிணற்றில் நீர் இறைத்துக் குடத்தைச் சுமப்பவரும், குழாய், மிக்ஸி, வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்காரரும் ஒன்றல்ல. ஒரு எளிய சோதனை: வேலை செய்துகொண்டே பேச முடிந்து, பாட முடியாத அளவு மூச்சு வாங்கினால் மிதமான உழைப்பு. பாட்டுப் பாடிக்கொண்டே முடிக்க முடிகிற வேலை லேசானது.

கிராமங்களிலும் சுகர் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. 2006-லும் 2016-லும் சென்னை, காஞ்சிபுரம், பண்ருட்டி சுற்றுக் கிராமங்கள் என்று மூன்று இடங்களில் ஒரே முறையில் எடுத்த ஆய்வில், சென்னையில் சுகர் 18.6-லிருந்து 21.9 சதவீதமானது, காஞ்சிபுரத்தில் 16.4-லிருந்து 20.3, கிராமங்களில் 9.2-லிருந்து 13.4. எண்ணிக்கையில் நகரம்தான் இன்னும் மேலே. வளர்ந்த வேகத்தில் நகர ஓரத்துக் கிராமங்கள் எல்லோரையும் முந்திவிட்டன. ரேஷன் கார்டில் கிராமம் என்று இருப்பதைப் பார்த்து மனதுக்குள் பத்து மார்க் குறைத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க.

குடும்பக் கேள்வியும் கிராமத்தில் காலை வாரும். ‘அப்பா அம்மாவுக்குச் சுகர் உண்டா?’ என்றால் ‘இல்லை’ என்று வரும் பதிலுக்குப் பாதி நேரம் ‘யாரும் பார்த்ததில்லை’ என்றுதான் பொருள். பெற்றோர் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை செய்ததுண்டா, காலில் ஆறாத புண் இருந்ததா, கடைசிக் காலத்தில் டயாலிசிஸ் செய்தார்களா என்று துருவினால்தான் உண்மை தெரியும். தெரியாது என்பதற்கு இந்த ஸ்கோரில் தனி மார்க் கிடையாது; அந்தப் பதில் 0 ஆகிவிடக்கூடும். அப்படி 0 விழுந்து 50 வாங்கியவரை 60 என்றே நடத்துவது நல்லது.

பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கர்ப்ப காலத்தில் சுகர் வந்ததா என்று எங்கேயும் கேட்பதில்லை. அப்படி வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றத் தாய்மார்களைவிட 7 மடங்குக்கும் மேல். 30 வயது, இடுப்பு 78, பெற்றோருக்கு எதுவும் இல்லை, வீட்டோடு லேசான வேலை என்றால் ஸ்கோர் 20, குறைவான அபாயம் என்று வரும். பிரசவ கார்டில் சிவப்பு மையில் சுகர் எழுதியிருந்தாலும் அதே 20தான். தமிழ்நாடு 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சுகர் பரிசோதனை என்று கொண்டுவந்த மாநிலம். அந்தக் கார்டு பல வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. பின்லாந்தின் ஃபின்ட்ரிஸ்க் ஸ்கோர், கர்ப்ப காலம் உட்பட எப்போதாவது சுகர் கூடியதா என்று நேரடியாகவே கேட்டு 5 மார்க் சேர்க்கிறது. நம் ஊர் ஸ்கோருக்கு ஐந்தாவது கேள்வியாக இதைச் சேர்த்தால் போதும். அதுவரை, கர்ப்ப கால சுகர் வந்தவர்கள் ஸ்கோரைத் தொடாமல் நேராக லேபுக்குப் போங்கள்: பிரசவமாகி 6 வாரத்தில் ஒருமுறை, பிறகு வருடந்தோறும். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களும் இந்தக் கணக்கை நம்பி உட்கார வேண்டாம்.

அரசுக் களப்பணியாளர்கள் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போடும் படிவம் இன்னொன்று. அதில் புகையிலை, மது, இடுப்பு, உழைப்பு, குடும்பம் எல்லாம் உண்டு. 4-ஐத் தாண்டினால் முன்னுரிமை. ஆண்களுக்கு அது இதைவிடப் பொருத்தம். ஆனால் வீடு தேடி வரும் பகல் நேரத்தில் கதவைத் திறப்பது பெரும்பாலும் பெண்கள்தான். வேலைக்குப் போன ஆணின் வரி காலியாகவே கிடக்கும், அல்லது மனைவி சொன்ன உத்தேச அளவு ஏறும். இரண்டாவதைவிட முதலாவது மேல்.

60 வந்துவிட்டது, அடுத்து? பலர் நேராகப் போவது மூன்று மாத சராசரி எனப்படும் ஹெச்.பி.ஏ.1.சி.க்கு. சாப்பிட்டுவிட்டே கொடுக்கலாம், 6.5-ஐத் தொட்டால் சுகர். வசதிதான். ஆனால் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019–21-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைவால் வந்த சோகை இந்த எண்ணை இல்லாத அளவுக்கு உயர்த்திக் காட்டும். ரத்த இழப்பும், சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்களும் குறைத்துக் காட்டும். இரும்பு மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் எண் இறங்கினால் அது மாத்திரையின் வேலை. பெண்கள் இதோடு ஹீமோகுளோபினையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். அது குறைவாக இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனைதான் நியாயமானது.

அதற்கு இரவு 8 மணி நேரமாவது வெறும் வயிறு. காலையில் முதல் ரத்தம். பிறகு குளுக்கோஸை 250–300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். 100 கிராம் பாக்கெட்டை அப்படியே கொட்டுகிற லேபில் நிறுத்திக் கேளுங்கள். குடித்ததை வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்குத் தொடராமல் வேறு நாளில் செய்ய வேண்டும். முதல் வாய் குடித்த நேரத்திலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் இரண்டாவது ரத்தம். இடையில் நடக்கவோ டீ குடிக்கவோ கூடாது. இந்த இரண்டாவது ரத்தத்தில் 140-க்குக் கீழே இயல்பு, 200-ஐத் தொட்டால் சுகர், இடைப்பட்டது முந்தைய நிலை. கிராமத்திலிருந்து வருகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் போய்விடும் என்று ஒன்றரை மணி நேரத்திலேயே கையை நீட்டினால், அந்த எண்ணை இந்த 140, 200 கோடுகளோடு ஒப்பிட முடியாது.