விட்டு விட்டு இழுவை குறையும் வண்டி: பாகத்தை மாற்றுவதா, ஓடும்போதே அளப்பதா?

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. ஓரம்கட்டி, அணைத்து, மறுபடி எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ஆள் நடமாட்டமில்லாத பாதையில் நெடும்பயணம் கிளம்பும் வேளையில் இதைவிடக் கொடுமையான பழுது கிடையாது. ஒரேயடியாக நின்றுபோன என்ஜினில் கோளாறைத் தேடிப் பிடித்துவிடலாம். இதுவோ மெக்கானிக் வந்து பார்க்கும்போது மட்டும் தலைகாட்டாது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு: சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவது, நிற்கும் வண்டியில் ஸ்கேனரை மாட்டிப் பழுதுக் குறியீட்டைப் படிப்பது, ஓடும்போதே சென்சார் அளவுகளைப் பதிவு செய்வது. என்னுடையது காமன் ரெயில் டீசல் வண்டி, அதாவது டீசலை உயர் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி என்ஜினுக்குள் பீய்ச்சும் வகை. அதற்கு நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். இங்கும் அதன் பக்கமே பேசப்போகிறேன்.

பாகம் மாற்றுவதை அடியோடு ஒதுக்கமாட்டேன். டீசல் ஃபில்டரும் காற்று ஃபில்டரும் எப்படியும் மாற்ற வேண்டியவை, முதலிலேயே மாற்றிவிடலாம். அதற்கு மேல் பம்ப், சென்சார் என்று ஊகத்தில் கைவைத்தால் செலவுதான் ஏறும்.

குறியீட்டைப் படிப்பது சில நிமிட வேலை. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட, வண்டியின் கணினி தானே பழுதைக் கண்காணித்துப் பதிவு செய்யும் ஓபிடி-2 முறையின் 16 முனை இணைப்பு, இன்று பெரும்பாலான வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் போதவில்லை, பி0299 என்றால் என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ தரும் காற்றழுத்தம் போதவில்லை. எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும் நிலுவைக் குறியீடு, அதாவது கணினி இன்னும் உறுதி செய்யாத பழுதின் குறியீடு, இருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பழுது பதிவான நொடியின் வேகம், சுமை, வெப்பம் ஆகியவையும் குறியீட்டோடு சேமிக்கப்பட்டிருக்கும். குறியீட்டை அழித்தால் அவையும் போய்விடும் என்பதால் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அழுத்தம் குறைந்தது ஃபில்டராலா, பம்பாலா, குழாயாலா என்பதைக் குறியீடு சொல்லாது.

ஓட்டியபடி பதிவு செய்யக் கைப்பேசியோடு இணையும் சிறிய ப்ளூடூத் கருவி போதும். அது அளவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதால், இருபது அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் சரிவு நேரும் அந்த நொடி நழுவிவிடும். நான் வைத்துக்கொண்டவை ஐந்துதான்: என்ஜின் சுழற்சி, ஆக்சிலரேட்டர் நிலை, டர்போ அழுத்தம், கணினி கேட்ட எரிபொருள் அழுத்தம், உண்மையில் வந்த அழுத்தம். நான் ஓட்ட, அருகில் இருந்தவர் திரையைப் பார்த்தார். மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறும்போது கணினி கேட்டது 1,300 பார் (அழுத்த அலகு). அதை ஒட்டியே வந்த, உண்மையான அழுத்தத்தின் கோடு திடீரென 800-க்குச் சரிந்தது. அது சரியத் தொடங்கியபோது டர்போ அழுத்தம் குறையவே இல்லை. டர்போ மேல் இருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. ஃபில்டரோ புதியது. அதற்கு முன்னால் ஒளிபுகும் குழாய் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தோம். டீசலோடு காற்றுக் குமிழிகள் சரம் சரமாக வந்தன. டேங்கிலிருந்து வரும் குழாயின் இணைப்பில் ரப்பர் இறுகிப்போய்க் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

கண்டுபிடிப்பதைவிட, பழுது உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்வதில்தான் இந்த வழி மற்ற இரண்டையும் முந்துகிறது. பாகத்தை மாற்றியபின் வண்டி ஒரு வாரம் நன்றாக ஓடினால் நிம்மதி வரும். ஆனால் விட்டு விட்டு வரும் பழுது, எதையும் மாற்றாமலேயே ஒரு வாரம் வராமல் இருக்கக்கூடியது. குறியீட்டை அழித்தபின் அது திரும்பாததும் அப்படித்தான். பதிவு கையில் இருந்தால், அதே ஏற்றத்தில், அதே கியரில், என்ஜின் நன்கு சூடேறிய பிறகு, பயணத்துக்கான முழுச் சுமையோடு, டேங்க் பாதிக்குக் கீழ் இருக்கும்போது ஏறிப் பழைய கோட்டோடு ஒப்பிடலாம். என் வண்டியில் கேட்ட அழுத்தமும் வந்த அழுத்தமும் உச்சிவரை ஒட்டியே போனதைப் பார்த்த பிறகுதான் பயணத் தேதியை உறுதி செய்தேன்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. கணினி இல்லாத பழைய கார்புரேட்டர் என்ஜினில் அளந்து தர எதுவுமில்லை. கேட்ட அழுத்தத்தைப் பொதுச் செயலிகளில் காட்டாத வண்டிகளும் உண்டு. அப்போது பெரிய ஸ்கேனரோடு மெக்கானிக்கையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் வழி. பெட்ரோல் வண்டிகளில் என் அனுபவம் குறைவு. அவற்றில் எரிபொருள் திருத்த சதவீதத்தை, அதாவது கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது என்பதை, பதிவு செய்யலாம். சுமை ஏற ஏற அது மேலே போனால் எரிபொருள் வரத்தைச் சந்தேகிக்கலாம். வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும்போது மட்டும் கூடினால் காற்றுக் கசிவைத் தேடலாம். சூடேறினால் மட்டும் துண்டிக்கும் வயரைப் பொறுத்தவரை, பதிவு இடத்தைக் குறுக்கிக் காட்டுமே தவிர, மல்டிமீட்டரோடு குனிந்து தேடும் வேலை மிச்சம் இருக்கும்.