கண்டம் பிளந்தபோதா, கூடியபோதா? கொங்குப் பாறைகளின் பிறப்பும் வயதும்

காங்கயத்தை அடுத்த சிவன்மலைப் பாறையும் திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்துக் கிரானைட்டும் தோற்றத்தில் நெருங்கியவை போலத் தெரிந்தாலும் கனிமச் சேர்க்கையில் வெகுவாக வேறுபடுகின்றன. இவை கண்டம் பிளந்தபோது பிறந்தவையா, கண்டங்கள் கூடியபோது பிறந்தவையா என்பதே இங்கே கேள்வி. திருச்செங்கோட்டுக் கல்லைப் புதிதாக உடைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பாருக்கு நடுவே கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் மணிகள் தெரியும். சிவன்மலைப் பாறையிலோ குவார்ட்ஸுக்குப் பதிலாக, சிலிக்கா குறைந்த நெஃபிலின் என்னும் கனிமம் இருக்கிறது. மழைபட்டு அது முதலில் கரைந்துவிடுவதால், ஃபெல்ஸ்பார் துருத்தி நிற்க, பாறையின் முகம் குழிகுழியாகிவிடுகிறது. ஃபெல்ஸ்பார் மிகுந்து குவார்ட்ஸ் இல்லாத இவ்வகைப் பாறைக்கு நெஃபிலின் சயனைட் (syenite) என்று பெயர். இவற்றை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹாலண்ட் 1901இலேயே விரிவாக விவரித்தார்.

கண்டம் பிளக்கும்போது உருவாகும் கிரானைட்டுக்கு இரண்டு பிறப்பு வழிகள் சொல்லப்படுகின்றன. மேலோட்டுக்கு அடியிலுள்ள புவிக் கவசத்திலிருந்து ஏறிவந்த பசால்ட் (கரும்பாறைக்) குழம்பு ஆறும்போது கனமான கனிமங்கள் முதலில் படிகமாகிப் பிரிய, எஞ்சிய சிறு பங்கு கிரானைட்டாகிறது என்பது ஒன்று. அந்தப் பசால்ட்டின் வெப்பம் ஏற்கெனவே இருந்த மேலோட்டின் அடிப்பகுதியை உருக்கியதால் கிரானைட் பிறந்தது என்பது மற்றொன்று. முதல் வழியில் சிறிதளவு கிரானைட் கிடைக்கவே பல மடங்கு பசால்ட் தேவை என்பதால், சங்ககிரி, திருச்செங்கோடு அளவுக்குப் பரந்த ஓர் உடலுக்கு இரண்டாம் வழியே பொருந்தும் என்பது என் கருத்து. சிவன்மலைக்கு நிலைமை நேர்மாறானது. சிலிக்கா மிகுந்த சாதாரண மேலோடு உருகினால் குவார்ட்ஸ் வருமே தவிர நெஃபிலின் வராது. ஆகவே அதன் மூலத்தைக் கவசத்தில்தான் தேட வேண்டும்.

வேதியியலை மட்டும் வைத்து ஒரு பாறையைப் பிளவுக் காலப் பாறை என்று முத்திரை குத்துவதை நான் ஏற்கமாட்டேன். இரும்பு, சிர்க்கோனியம், நியோபியம், ஃபுளூரின் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் உள்ள, மிகுந்த சூட்டில் பிறந்த கிரானைட்டுகளுக்குப் புவியியலாளர்கள் லோய்செல்லும் வோன்ஸும் 1979இல் ஏ வகை என்று பெயரிட்டனர். நார்வேயின் ஓஸ்லோ பிளவில் இத்தகைய கிரானைட்டுகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் இரு கண்டங்கள் மோதி முடிந்தபின் மேலோடு தளரும் இடங்களிலும் இதே வேதியியல் கிடைக்கிறது. ரொடீனியாப் பெருங்கண்டம் சுமார் 82 முதல் 74 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளந்தது. கோண்டுவானாப் பெருங்கண்டம் 55 முதல் 53 கோடி ஆண்டுகளுக்கு முன் கூடியது. ஒரு பாறை இவற்றில் எந்த நிகழ்வைச் சேர்ந்தது என்பதைச் சொல்லக்கூடியது வயதுதான்.

வயது காணும் முறைகளிலும் இரண்டு போட்டியிடுகின்றன. பழைய முறை, ருபிடியம் மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியமாவதை அளக்கும் வழி. பாறையின் பல துண்டுகளை அளந்து ஒரே கோட்டில் பொருத்தி, அந்தக் கோட்டின் சாய்விலிருந்து வயதைக் கணிப்பார்கள். ருபிடியம் 87இன் அரை ஆயுள் சுமார் 4,960 கோடி ஆண்டுகள் என்பதால், சிவன்மலைப் பாறையின் வயதான 59 கோடி ஆண்டுகளில் அதில் ஒரு விழுக்காடுகூடச் சிதைந்திருக்காது. அதைவிடப் பெரிய குறை, பின்னர் நேர்ந்த வெப்பமும் நீரும் இவ்விரு தனிமங்களையும் எளிதில் நகர்த்திவிடும் என்பது. கோண்டுவானா கூடியபோது கடுமையாகச் சூடேறிய கொங்கு நிலத்தில் இந்தக் கடிகாரம் பிறந்த நாளை விட்டுவிட்டுக் கடைசியாகச் சூடான நாளைக் காட்டிவிடக்கூடும்.

சிர்க்கான் என்னும் கனிமத்தின் சிறு மணிகளில் யுரேனியம் சிதைந்து ஈயமாவதை அளக்கும் முறையையே நான் முன்னிறுத்துவேன். சிர்க்கான் படிகமாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏறத்தாழ முற்றிலும் ஒதுக்கிவிடும். யுரேனியம் 235, 238 என ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. முன்னதன் அரை ஆயுள் 70.4 கோடி, பின்னதனுடையது 446.8 கோடி ஆண்டுகள். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால் ஈயம் கசிந்திருக்கலாம், அல்லது வெவ்வேறு வயதுப் பகுதிகள் கலந்திருக்கலாம் என்று உடனே தெரிந்துவிடும். இந்தத் தற்சோதனை ருபிடியம் முறையில் இல்லை.

ஆனாலும் மணியைக் கண்ணை மூடிக்கொண்டு அளக்கக் கூடாது. மேலோடு உருகிப் பிறந்த கிரானைட்டில் பழைய பாறையின் சிர்க்கான் கருவாகத் தங்கி, அதன்மேல் புதிய வளையம் வளர்ந்திருக்கலாம். எலக்ட்ரான் கற்றை பாய்ச்சி எடுக்கும் ஒளிர்வுப் படத்தில் கருவும் வளையமும் தனித்தனியே தெரியும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே நீளமுள்ள மணியில் அந்த வளையத்தை மட்டும் நுண்கற்றையால் அளக்க வேண்டும். மிகச் சூடான ஏ வகைக் குழம்பு பழைய சிர்க்கானைப் பெரும்பாலும் கரைத்துவிடுவதால் அங்கே இச்சிக்கல் குறைவு.

சிவன்மலைச் சயனைட்டின் சிர்க்கான் வயது சுமார் 59 கோடி ஆண்டுகள். வடதமிழகத்தின் ஏலகிரி, செவத்தூர்ப் பக்கத்துச் சயனைட் பாறைகளும், கார்பனேட் கனிமங்களாலான குழம்புப் பாறையான கார்பனடைட்டும் சுமார் 80 முதல் 75 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவை ரொடீனியா பிளந்த காலத்தோடு நேராகப் பொருந்துகின்றன. வேதியியல் ஒத்திருக்கிறது என்பதற்காகச் சிவன்மலையையும் அதே பட்டியலில் சேர்ப்பது தவறு. அது ரொடீனியா பிளந்து நெடுங்காலம் கழித்து, கோண்டுவானா முழுமையாகக் கூடுவதற்கு முன் வந்த பாறை.