சி.எஸ்.ஆர். போதுமா, எஃப்.ஐ.ஆர். வேண்டுமா?

தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் புகார் கொடுத்ததும் பெரும்பாலும் கைக்கு வருவது சி.எஸ்.ஆர். ரசீதுதான், அதாவது புகார் வந்ததைப் பதிவேட்டில் குறித்ததற்கான ரசீது. வழக்குப் போட்டாச்சு என்று அதை நம்பிவிட வேண்டாம்; வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதிவாக வேண்டும்.

செலவு: இரண்டுக்கும் கட்டணமில்லை. எஃப்.ஐ.ஆர். நகலும் புகார்தாரருக்கு இலவசம், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173(2).

வேகம்: சி.எஸ்.ஆர். வழக்கமாக அன்றே. எஃப்.ஐ.ஆர். தாமதமாகலாம், 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம்.

பலம்: சி.எஸ்.ஆர். வெறும் ஒப்புகை; அதை வைத்துக் குற்றப்பத்திரிகை போட முடியாது. பைக் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்பது எஃப்.ஐ.ஆர்., பிறகு ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற போலீஸ் அறிக்கை. "எங்க லிமிட் இல்லைங்க" என்பது சாக்கு, ஜீரோ எஃப்.ஐ.ஆர். எந்த ஸ்டேஷனிலும் போடலாம்.

மறுத்தால்: எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதே சட்டத்தின் பிரிவு 173(4). அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு, பிரிவு 175(3). அங்கே சி.எஸ்.ஆர். எண்ணும் தேதியும் கைகொடுக்கும், தூக்கி எறியாதீர்கள்.

பக்கத்து வீட்டு வாய்த்தகராறுக்கு சி.எஸ்.ஆர். போதும். திருட்டு, ஆயுதத் தாக்குதல், பண மோசடிக்கு எஃப்.ஐ.ஆர். இல்லாமல் நகராதீர்கள். ஆர்.சி., லைசென்ஸ் தொலைந்ததா? இரண்டுமே வேண்டாம், காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம்.