ரிப்பீட்டருக்குச் சொந்த அழைப்புக்குறியா, தனிக் குறியா?

அமெச்சூர் (ஹாம்) ரேடியோவில் ஆளில்லாமல் ஓடும் ரிப்பீட்டரோ (கேட்ட சிக்னலை மறுபடி அனுப்பும் நிலையம்) டிஜிபீட்டரோ (அதையே டேட்டா பாக்கெட்டுகளுக்குச் செய்வது) வைக்கும்போது முதலில் வரும் கேள்வி இதுதான்: உங்கள் உரிமத்தோடு வந்த அழைப்புக்குறியிலேயே (நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும்) ஓட்டுவதா, அந்த நிலையத்துக்கென்று தனிக் குறி வாங்குவதா? சில நாடுகளில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இடமில்லை: ஜெர்மனியில் இப்படிப்பட்ட நிலையங்களுக்கு டிபி0 போல் தொடங்கும் தனிக் குறி, பிரிட்டனில் குரல் ரிப்பீட்டர் என்றால் பெரும்பாலும் ஜிபி3 என்று தொடங்கும் குறி. அமெரிக்காவில் உரிமம் உள்ளவர் தன் குறியிலேயே ஓட்டலாம், அல்லது குறைந்தது 4 பேர் சேர்ந்த கிளப்பின் குறியில்.

சொந்தக் குறியில் பெரிய வசதி, புதிதாக விண்ணப்பமே வேண்டாம். ஏபிஆர்எஸ் (நிலையங்களின் இருப்பிடத்தையும் சிறு செய்திகளையும் ரேடியோ வழியே அனுப்பும் முறை) டிஜிபீட்டர் என்றால் குறிக்குப் பின்னால் ஒரு கோடும் எண்ணும் போட்டால் போதும், 15 வரை எண் இருக்கிறது. வீட்டு ரேடியோ, கார், மலை உச்சிப் பெட்டி எல்லாம் வரைபடத்தில் தனித்தனியாகத் தெரியும். ஆனால் குரல் ரிப்பீட்டரில் இது குழப்பம். நீங்கள் பேசி முடித்ததும் பெட்டியும் அதே குறியை மோர்ஸில் அடிக்கும், கேட்பவருக்கு எது ஆள், எது இயந்திரம் என்றே தெரியாது.

தனிக் குறிக்கு எழுத்து வேலை அதிகம், பல இடங்களில் தளம், ஆன்டெனா உயரம், அதிர்வெண் எல்லாம் கேட்பார்கள். அப்புறம், தனிக் குறி இருந்தாலும் பொறுப்பாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்; டிரான்ஸ்மிட்டர் சிக்கிக்கொண்டு விடாமல் அலறினால் தூரத்திலிருந்தே அணைக்க வழி வேண்டும். ஆனாலும் பொறுப்பாளர் ஊர் மாறினாலோ ஆர்வம் விட்டுப்போனாலோ ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு குறியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மலை மேல் குரல் ரிப்பீட்டர் என்றால் நான் தனிக் குறிக்கே போவேன், மொட்டை மாடி டிஜிபீட்டருக்கு அவ்வளவு மெனக்கெட மாட்டேன்.