பிஎஸ்5-ஐ பிளாக்கில் வாங்கிய கணக்கு: ஒரு ரிச்சி தெருக் கடைக்குத் தாமதமான மதிப்புரை

2021 மார்ச் கடைசி வாரத்தில், சென்னை ரிச்சி தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தின் மாடிக்கடையில் 72,000 ரூபாய் கொடுத்து சோனியின் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) ஒன்றை வாங்கினேன். அன்று அதன் அதிகாரபூர்வ விலை 49,990 ரூபாய். கருவியின் தரத்தைப் பற்றி இந்நேரம் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. நான் மதிப்பிட விரும்புவது, விலைக்கு மேல் கொடுத்த 22,010 ரூபாய்க்கு அந்தக் கடை எனக்கு என்ன செய்து கொடுத்தது என்பதைத்தான். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த மாதங்களில் நான் ஏறி இறங்கிய நான்கு கடைகளும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் சொன்னன; இவர் ஒருவரை மட்டும் பிடித்துக் காட்டுவது நியாயமாக இருக்காது.

அங்கே போக நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பர் 12 அன்று வெளியான பிஎஸ்5, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்றுதான் வந்தது. முன்பதிவு ஜனவரி 12 நண்பகல் 12 மணிக்குத் திறந்தது. நான் மடிக்கணினியிலும், மகன் என் கைபேசியிலும், மனைவி தம் கைபேசியிலுமாக மூன்று வெவ்வேறு தளங்களின் முன் உட்கார்ந்திருந்தோம். 12 மணி அடித்தவுடன் ஒரு தளம் வெள்ளையாக நின்றுவிட்டது; இன்னொன்று கூடையில் சேர்க்க விட்டது, முகவரியைக் கேட்டது, பணம் செலுத்தும் பக்கம் வரை அழைத்துச் சென்றது, வங்கியின் ஓடிபி வந்து நான் அதைத் தட்டி முடிப்பதற்குள் இருப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்து இருப்பு வந்த நாளிலும் இதே கதைதான் நடந்தது.

தட்டுப்பாடு உண்மையானது என்பதை மறுக்க முடியாது. கொரோனாக் காலத்தில் உலகெங்கும் சில்லுகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டிருந்தது; 2020 டிசம்பர் முடிய சோனி உலகம் முழுவதும் அனுப்பியவை 45 லட்சம் கருவிகள்தான், அதிலும் இந்தியாவின் பங்கு மிகச் சிறியது. இருந்த கொஞ்சமும் விளையாட நினைத்தவர்களின் கைக்கு நேராகப் போய்ச் சேரவில்லை. கடைப்பக்கத்தை இடைவிடாமல் கண்காணித்து, இருப்பு தெரிந்த நொடியில் முகவரி, அட்டை எண் எல்லாவற்றையும் தானே நிரப்பி வாங்கிவிடும் நிரல்கள் அப்போது தாராளமாக விற்பனைக்குக் கிடைத்தன. அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், 2020 நவம்பர் 25 அன்று நடந்த பிஎஸ்5 விற்பனையின் முதல் அரை மணி நேரத்தில் மட்டும் இத்தகைய 2 கோடிக்கும் மேற்பட்ட முயற்சிகளைத் தடுத்ததாக அறிவித்தது. தடுத்தவை இவ்வளவு என்றால் தப்பி நுழைந்தவை எவ்வளவு இருக்கும் என்று யோசித்தபோதுதான், ஓடிபியை விரலால் தட்டிக்கொண்டிருந்த எங்கள் மூவரின் நிலை எனக்குப் புரிந்தது.

இனிக் கடைக்கு வருகிறேன். படி ஏறியதும் கண்ணாடி அலமாரியில் முந்தைய தலைமுறைக் கருவிகளான பிஎஸ்4-கள், விளையாடக் கையில் பிடிக்கும் கைப்பிடிகள் (கன்ட்ரோலர்கள்), விளையாட்டு வட்டுகள் வரிசையாக இருந்தன. பிஎஸ்5 ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. விசாரித்தவுடன் உரிமையாளர் உடனே பதில் சொல்லாமல், நான் யார் அனுப்பி வந்தேன் என்று கேட்டார். திருப்தியான பதில் கிடைத்த பிறகு ஒரு பையனை அனுப்பினார். அவன் பத்து நிமிடம் கழித்து வேறொரு கட்டடத்திலிருந்து கறுப்புப் பாலித்தீன் பையில் பெட்டியைத் தூக்கிவந்தான். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர்கள்கூட இதைவிட வெளிப்படையாக விற்றார்கள் என்று தோன்றியது. நாலரைக் கிலோ எடையுள்ள கருவி என்பதால் பெட்டி கனமாகவே இருந்தது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதியாளர் பெயரும் அதிகபட்சச் சில்லறை விலையும் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கவேண்டிய இடத்தில், நீள்சதுர வடிவில் பசை மட்டும் இருந்தது. விரலை வைத்தால் ஒட்டியது. மறுபக்கத்தில் கூரியர் ஒட்டுத்தாளைக் கிழித்தவர் ஒரு மூலையை விட்டுவிட்டிருந்தார். அதில் 635 என்ற மூன்று இலக்கங்கள் தெரிந்தன. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பின்கோடுகள் அப்படித்தான் தொடங்கும். ஆக, அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் அந்த நண்பகல் பந்தயத்தில் வென்று, 49,990 ரூபாய்க்கு வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலேயே சென்னைக்கு அனுப்பியிருக்கிறார். அவருக்கு எவ்வளவு கிடைத்தது, இடையில் எத்தனை கை மாறியது என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வந்திருக்காது.

விலை பேசியபோதுதான் கடையின் உண்மையான திறமை வெளிப்பட்டது. பிஎஸ்5 தனியாகக் கிடையாது என்றார். ஒரு எச்டி கேமராவும் ஒரு விளையாட்டு வட்டும் சேர்த்து எடுத்தால்தான் தருவாராம். கேமராவின் அன்றைய விலை 5,190 ரூபாய். வட்டின் விலை 3,999 ரூபாய். அந்த வட்டோ எங்கள் வீட்டுப் பழைய பிஎஸ்4-லேயே ஓடக்கூடிய விளையாட்டு. கேமராவோ, தம் முகத்தைக் காட்டிக்கொண்டு விளையாட்டை நேரலையில் ஒளிபரப்புபவர்களைத் தவிர வேறு யாருக்கும் அன்று பயன்படாத பொருள். மூன்றின் விலையையும் கூட்டினால் 59,179 ரூபாய் வருகிறது. 72,000 ரூபாயில் அது போக மீதி 12,821 ரூபாய் அப்பட்டமான கூடுதல் விலை; நான் மேலே கொடுத்த 22,010 ரூபாயில் எஞ்சிய 9,189 ரூபாய் கடையில் தேங்கிக் கிடந்த சரக்கை என் தலையில் கட்டியதற்கு. பில் கேட்டேன். "பில் போட்டா இன்னும் நாலாயிரம் ஆகும் சார், எஸ்டிமேட் தரேன், அதுவே போதும்" என்றார். சிறிய தாளில் 'கேமிங் செட் 1' என்று எழுதி, வரிசை எண்ணோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாமல் கையில் கொடுத்தார். இவ்வளவு அதிகமாக விற்கிறீர்களே என்று நான் முனகியதற்கு அவர் சொன்ன பதிலில் கோபமே இல்லை: "ஆன்லைன்ல கிடைச்சா வாங்கிக்கோங்க சார், நாங்க தடுக்கலையே."

பணம் கொடுப்பதற்கு முன் பையன் என் எதிரிலேயே பெட்டியின் சீலைக் கத்தியால் அறுத்து, கருவியைத் தொலைக்காட்சியில் பொருத்தி ஓட்டிக் காட்டினான். நல்ல கடை, சோதித்துக் கொடுக்கிறார்கள் என்று அப்போது மகிழ்ந்தேன். பின்னர்தான் வேறொரு கோணம் உறைத்தது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள், அச்சிட்ட சில்லறை விலைக்கு மேல் எந்தப் பொட்டலப் பொருளையும் யாரும் விற்கக் கூடாது என்று சொல்கின்றன. அமெரிக்காவில் இப்படி ஒரு விதியே கிடையாது. அங்கே நிரல்களைக் கொண்டு மொத்தமாக வாங்குவதைத் தடுக்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு மட்டும்தான் பொருந்துகிறது. நம் நாட்டில் கையில் ஆயுதம் இருக்கிறது. ஆனால் விலைத்தாள் உரிக்கப்பட்டு, சீலும் அறுக்கப்பட்டு, பில்லும் இல்லாமல் போன ஒரு பொருளை எடுத்துக்கொண்டு யாரிடம் போய், எதைக் காட்டிப் புகார் சொல்வது? தமிழ்நாட்டில் இந்த விதியைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கியவர்கள்மீது அவர்கள் நடவடிக்கை எடுத்த செய்திகளைப் படித்திருக்கிறேன். என்னிடம் இருந்ததோ 'கேமிங் செட் 1' என்ற தாள்தான்.

அந்தத் தாளின் மதிப்பு எட்டே மாதத்தில் தெரிந்துவிட்டது. நவம்பரில் கைப்பிடியின் இடது குச்சி, யாரும் தொடாமலேயே திரையில் உள்ள கதாபாத்திரத்தை இடப்பக்கமாக நகர்த்தத் தொடங்கியது. இது பிஎஸ்5 கைப்பிடிகளில் பரவலாகத் தென்பட்ட குறைதான். குச்சியின் அசைவை அளக்கும் சிறு பகுதி தேய்ந்தால் இப்படி ஆகும். ஓராண்டு உத்தரவாதம் இருக்கும் தைரியத்தில் சேவை மையத்துக்குப் போனேன். வாங்கிய பில்லைக் கேட்டார்கள், கேட்டதில் தவறில்லை. எஸ்டிமேட் தாளைக் காட்டியபோது, எதிரில் இருந்த பெண் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் திருப்பித் தந்தார், அந்த நாகரிகத்துக்கு நன்றி. கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "கன்சோலுக்குத்தான் சார் நாங்க பொறுப்பு, கன்ட்ரோலருக்கு இல்ல" என்று உரிமையாளர் புதிதாக ஒரு விதியை உருவாக்கினார். 5,990 ரூபாய்க்குப் புதுக் கைப்பிடி வாங்கினேன், இம்முறை பில்லோடு. அதையும் சேர்த்தால் அந்தக் கடையால் எனக்கு ஆன கூடுதல் செலவு சரியாக 28,000 ரூபாய்.

கடையின் பக்கமும் கொஞ்சம் பேசவேண்டும். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, பதினைந்து வயதுப் பையனை வீட்டுக்குள் வைத்திருந்த எனக்கு அந்தக் கருவி பெரிய உதவியாக இருந்தது. கருவியோடு இலவசமாகவே வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் விளையாட்டை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி ஆடிய மாலைகளுக்கு நான் விலை போடமாட்டேன். ஆனால் கடைக்காரரின் சேவைக்குப் போடலாம். 2023 தொடக்கத்தில், தட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்று சோனியே அறிவித்தது. அதற்குள் இந்திய விலை 54,990 ரூபாயாக ஏறியிருந்தது. பொறுத்திருந்தால் ஐயாயிரம் கூடுதலாகக் கொடுத்து, முறையான பில்லோடும் முழு உத்தரவாதத்தோடும் வாங்கியிருப்பேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சொன்னதை அப்போது காதில் வாங்கவில்லை. ஏறத்தாழ இருபத்திரண்டு மாத அவசரத்துக்கு, கைப்பிடியைச் சேர்க்காமல், மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை கட்டியிருக்கிறேன். சோதித்துக் காட்டியதற்கு ஒரு நட்சத்திரம், கருவி போலியாக இல்லாமல் இருந்ததற்கு அரை நட்சத்திரம். ஐந்துக்கு ஒன்றரைக்கு மேல் என்னால் கொடுக்க முடியவில்லை.

விற்பனையாளர்கள் நினைத்தால் இதைத் தடுக்க முடியாதா என்று அப்போதே கேட்டுக்கொண்டிருந்தேன். ஜப்பானில் சில கடைகள், பிஎஸ்5 வாங்குபவரின் முழுப் பெயரைப் பெட்டியின்மேல் எழுதியே கொடுத்தன. அப்படி எழுதிய பெட்டியைப் புதியது என்று சொல்லி மறுவிற்பனைக்கு வைக்க முடியாது. அதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை, ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோ 2025-இல் தன் புதிய கருவியான ஸ்விட்ச் 2-க்குச் செய்தது. ஜப்பானில் தன் சொந்த இணையக் கடையில் குலுக்கல் முறையை வைத்து, பிப்ரவரி 28 நிலவரப்படி பழைய ஸ்விட்ச்சில் குறைந்தது 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், இணையச் சந்தாவையும் மொத்தமாக ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பிளாக்கில் விற்பவன் நூறு கணக்கு திறக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் 50 மணி நேரம் விளையாடி வைத்திருக்கமாட்டான். இத்தனைக்குப் பிறகும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்ததால், பலருக்குக் கிடைக்காது என்று நிறுவனத்தின் தலைவர் ஃபுருகாவா முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார். கிடைக்காதவர்களுக்கு அது ஏமாற்றம்தான். ஆனாலும் ஓடிபி தட்டும் வேகத்தில் ஒரு நிரலிடம் தோற்பதைவிட, விளையாடுபவர்களுக்குள் நடக்கும் குலுக்கலில் தோற்பது எவ்வளவோ மேல். அதே கருவியில் ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பதிப்பை 49,980 யென்னுக்கும், பல மொழிப் பதிப்பை 69,980 யென்னுக்கும் விற்றதால், மலிவுப் பதிப்பை வாங்கி வெளிநாட்டில் தள்ளும் ஆசைக்கும் ஒரு தடை விழுந்தது. அந்த மலிவுப் பதிப்பில் ஜப்பானைத் தம் நாடாகக் குறித்த கணக்குகளை மட்டுமே இணைக்க முடியும்.

அந்தத் தடை ரிச்சி தெரு வரை எட்டியதா என்று பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. ஸ்விட்ச் 2 வெளியான சில வாரங்களில் மகனுக்கு ஒரு கேபிள் வாங்க அதே சந்துக்குப் போனபோது, பழைய மாடிக்கடையின் கண்ணாடி அலமாரியில், இம்முறை ஒளித்து வைக்காமல், ஒரு ஸ்விட்ச் 2 பெட்டி நின்றது. நிண்டெண்டோ அதை இந்தியாவில் வெளியிடாததால் உரிக்க விலைத்தாளும் இல்லை. பெட்டியின் எழுத்துகள் முழுக்க ஜப்பானியமாக இருந்தன. 58,000 ரூபாய் என்றான் கடையில் இருந்த பையன். 49,980 யென் அன்றைய மதிப்பில் முப்பதாயிரம் ரூபாய்கூட வராது. இதில் ஆங்கிலம் வருமா, என் இந்தியக் கணக்கை இணைக்க முடியுமா என்று கேட்டேன்.

பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "அப்டேட்ல வந்துடும் சார்."